பச்சை இலை அடித்த பூச்சாடி

வெளிநாட்டுச் சாமான் கடைக்கு வராத காலம் அது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் பூச்சாடி. தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், அந்த மொட்டைச் சாடியை எப்படியாவது அழகாக்கித் தரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். முந்தி வந்த ஒரு இடம் காரணமே சொல்லாமல் நின்றுபோயிருந்தது. இதுவும் போனால் எங்கள் ஊரான பலாபத்வலையில் தலைகாட்ட முடியுமா?

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டைத் தேயிலைப் பெட்டிமேல் வைத்து மை பூசி மார்க் போடுவார். அதே மாதிரி ஒரு தகட்டில் இலை வடிவம் வெட்டிக்கொண்டு வந்தார். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டில் மண்ணெண்ணெய் கலந்து, நுளம்பு கடிக்காமல் மருந்து அடிக்கிற கைப்பம்பில் ஊற்றினார். நான் தகட்டைச் சாடியின் வளைவோடு அழுத்திப் பிடிக்க, அவர் புஸ் புஸ்ஸென்று அடித்தார். தகட்டை எடுத்தால் பச்சை இலை. அழகுதான். ஆனால் மழை மூட்டத்தில் காயவே இல்லை.

மாப்பிள்ளையோடு வந்த அவருடைய அத்தை உட்கார்ந்ததிலிருந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எதைத் தேடுகிறாரோ என்று நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சாடியைத் தூக்கினார். கட்டைவிரல் பச்சையாகிவிட்டது.

“இன்னைக்குத்தான் அடிச்சீங்களா?”

“ஆமாங்க. நீங்க வர்றீங்கன்னு...”

“நல்ல சாமானுக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா? கீறல் எந்தப் பக்கம்?”

அவர் கேட்டது சாடியைப் பற்றி மட்டும்தானா? தங்கச்சியையும் சேர்த்தா?

தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி தட்டை வைத்தாள். உள்ளே போய் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு வந்து, எல்லார் முன்னாலும் சாடியைத் துடைத்தாள். இலையெல்லாம் போனது. வெள்ளைச் சாடியை அத்தை மடியிலேயே வைத்தாள்.

“பாத்துக்கங்க அத்தை, கீறல் இல்ல. இந்தத் துணியில இன்னும் எண்ணெ இருக்கு. மாப்பிள்ளை மீசையையும் ஒருக்கா துடைச்சிரலாமா? மை கன்னம் வரைக்கும் வந்திருச்சு.”

போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். தானே சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மீசையைத் துடைத்தார். இரண்டு மூன்று நரை தெரிந்தது.

“அத்தை வயசு இருபத்தெட்டுன்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு முப்பத்திமூணுங்க. வேணாம்னாலும் பரவால்ல.”

“வாய மூடுடா!” என்றார் அத்தை.

நான் தங்கச்சியைக் குசினிக்குள் அடுப்புப் பக்கம் இழுத்தேன். “இவ்வளவு லேசா ஒத்துக்கிறாரே. இதுக்குப் பின்னால பெரிசா என்னமோ இருக்குடி.”

“உன்னை விட்டா அவரையே மண்ணெண்ணெயில முக்கிப் பாப்பே. சம்மதம்னு போய்ச் சொல்லுக்கா.”

போய்ச் சொன்னேன். சொல்லும்போதும் கீறல் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளையின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.