ஏழாம் தூண்

குழந்தைவேலு தச்சு வேலையில் கெட்டிக்காரர். வாய் அதைவிடக் கெட்டி. ஒரு வேலை சொன்னால் முதலில் திட்டு வரும், பிறகுதான் உளியைத் தொடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லய வீடுகளை ஜப்பான் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய மரக்கொட்டகையைப் பிரித்து, குடும்பங்கள் தங்கும்படி திரும்பக் கட்டச் சொன்னார் தோட்டக் கணக்கெழுதும் கிராணி.

ஒவ்வொரு தூணின் அடியிலும் உளியால் எண் வெட்டிக்கொண்டுதான் குழந்தைவேலு பிரித்தார். மரம் வளர்ந்தபடியே வேர்ப்பக்கம் கீழே நிற்க வேண்டும். மாற்றி நட்டால் அந்த வீட்டில் வேண்டாதது வந்து தங்கும் என்பது தச்சர்களின் பயம். ஏழாம் தூணின் அடி இற்றுப்போயிருந்தது. கிராணி விரட்டிய விரட்டில் அதை அறுத்துப் போட்டார். எண்ணும் அதோடு போயிற்று. கூரை ஏறிய பிறகுதான் தூண் தலைகீழாக நிற்பது தெரிந்தது. மனைவி செல்லாயியிடம் மட்டும் அதைக் காட்டினார்.

"நாளைக்கே இத மாத்திடணும் புள்ள. யாருகிட்டயும் சொல்லாத."

மறுநாள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் அவர் குரல் கேட்கும். "செல்லாயி." ஒரு தடவைதான். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாத பெண் அந்தத் தோட்டத்தில் இல்லை. செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு இரண்டாவது தடவைக்குக் காத்திருப்பாள். வராது. திறக்கப் பயம். திறக்காமல் இருப்பது அதைவிட வேதனை. இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

ஜப்பான்காரன் தோற்றபின் ஓர் அந்தியில் குழந்தைவேலு நிஜமாகவே வந்தார். காய்ச்சல் தின்றது போக எலும்புதான் மிச்சம். "செல்லாயி" என்றார். அதோடு மூச்சு அடைத்தது. கதவு அசையவில்லை. ஊரையே திட்டிய வாய்க்கு மனைவி பெயரை மூன்று முறை சொல்லத் தெம்பில்லை. அழுகை வந்தது. சுவரைப் பிடித்து நகர்ந்து, ஏழாம் தூணில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

எது அந்தத் தூண் என்று அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். கதவு திறந்தது.

உட்காரவைத்து மரவள்ளிக் கஞ்சி கொடுத்தாள். இரண்டு வாய் குடித்திருப்பார். வெளியே அவர் குரல் கூப்பிட்டது.

"செல்லாயி."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். செல்லாயி வாசலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"நீங்க குடிங்க. இனிமே யாரு கூப்பிட்டாலும் நான் தெறக்கப் போறதில்ல."