நூபியாவின் கபுர்களும் எங்கள் மையவாடியும்

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டின் சமையல்காரர் ஒரு நூபியர். எகிப்தின் தெற்கே, நைல் ஆற்றங்கரையில் தொன்றுதொட்டு வாழ்ந்த இனம். என்னை ‘உக்தி’ என்று கூப்பிடுவார். சகோதரி என்று அர்த்தம். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் முன்னோர் கதைதான். வில்லில் பேர்போனவர்களாம். எகிப்தையே பிடித்து ஆண்டவர்களாம். ஒற்றைக்கண் அரசி ஒருத்தி ரோமரோடு சண்டை போட்டாளாம். இறந்தவர்களைக் கட்டிலில் கிடத்தியே அடக்குவார்களாம். அரசனின் குதிரைகளுக்கும் தனித்தனிக் குழிகள்.

குதிரைக்குக்கூட இடம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பால்குடி மறக்குமுன் இறந்த என் மகன், பல்லேகமப் பக்கம் எங்கள் ஊர் மையவாடியில் அடக்கமாகிக் கிடந்தான். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. அவன் கபுரை நான் பார்த்ததே இல்லை.

“இப்ப உங்க ஊர்ல என்ன இருக்கு?” என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“தண்ணி இருக்கு, உக்தி. அணை கட்டினாங்க. பழைய கோயில்கள வெளிநாட்டுக்காரங்க வந்து கல்லுக்கல்லா அறுத்து மேட்டுல வச்சாங்க. எங்க கபுர யாரும் தூக்கல்ல.”

வேறு இடத்துக்குக் குடிபெயரக் கப்பல் ஏறுமுன் ஊரே மையவாடிக்குப் போய், கபுர்களுக்குத் தண்ணீர் தெளித்து விடைபெற்றதாம். அவர் அப்போது தாயின் இடுப்பில் இருந்த குழந்தை.

நான் திரும்பி வந்து சில வருடங்களில் எங்கள் ஊரும் நீர்த்தேக்கத்துக்குள் போவதென்று ஆனது. புதிய இடத்தில் காணி கொடுத்தார்கள். லொறியில் சாமான் ஏற்றிய காலையில் கணவரிடம் சொன்னேன்.

“நான் மகன்ட கபுரப் பார்க்கணும்.”

“பொம்பளைங்க அங்க போறதில்ல. ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

“ஊரே இல்லாமப் போகுது. யாருங்க சொல்லப் போறாங்க?”

அவர் முன்னே நடந்தார். தண்ணீர் வாளியோடு நான் பின்னால் போனேன்.

மையவாடி முழுக்க ஆளுயரப் புல். தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் உக்கி விழுந்திருந்தன. அவர் ஓரிடத்தில் நின்றார், பிறகு இன்னோரிடத்தில். குனிந்து புல்லை விலக்கினார்.

“இந்த வரிசதான்… எதுன்னு தெரியல்ல புள்ள. என் கையாலதான் குழியில இறக்கினேன். தெரியல்லியே.”

வரிசை முழுவதற்கும் கைகையாக அள்ளித் தெளித்தேன். வேறு யாருடைய கபுர்களெல்லாம் அதில் இருந்தனவோ. வாளி காலியாகித் திரும்பியபோது, அவர் புல்லைப் பிடித்தபடி குந்தி விம்மிக்கொண்டிருந்தார். பிள்ளை மௌத்தான அன்றுகூட அழாத மனிதர். லொறிக்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் எழுந்தார்.

நீர்த்தேக்கம் நிரம்பியதும் பக்கத்து வீட்டார் எல்லோரும் வேன் பிடித்துப் பார்க்கப் போனார்கள். அவர் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.