மாடிப்படித் திருப்பம்

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே, ஓர் அறக்கட்டளைக்காக நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றை வரைந்து கொடுத்தேன். கட்டிடக் கலைஞனாக நான் செய்த கடைசி வேலை அது. குறைந்த வாடகை, ஆயுள் உள்ளவரை இருக்கலாம். நடமாட முடியாதவர்களுக்கு உதவக் கீழே எப்போதும் ஓர் ஆள் உண்டு. மின்விசிறி இல்லாமலே காற்று வரும். குளித்த தண்ணீர் வடிகட்டி வாழைக்குப் போகும். பார்க்க வரும் மாணவர்களை நானே கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவேன். பெருமைதான்.

செலவைக் குறைக்க மாடிப்படியை ஒடுக்கினேன். லிஃப்டில் ஒரு சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுபவரும் நிற்கலாம், அவ்வளவுதான். மிச்சமான இடத்தில் வீட்டுக்கு ஒரு பால்கனி வைத்தேன். குடிவந்தவர்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

மூன்றாம் மாடிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சாவி வாங்கிய அன்று அவர் மனைவி என்னிடம் கேட்டார்.

"சார், எம்மாமியா செத்தப்போ அவுஸ் ஓனரு பொணத்த வூட்டுக்குள்ள வுடல. ஆஸ்பத்திரிலேந்து நேரா சுடுகாடு. அதுலேந்து இவரு ஒரே பொலம்பல், என்னியாவது வூட்ல வெச்சி எடுன்னு. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"இப்பவே அனுப்பப் பாக்குறா சார்" என்றார் அவர், கோணிய வாயால் சிரித்துக்கொண்டு.

"இது உங்க வீடும்மா. யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அடுத்த கோடையில் ஒரு காலை அந்த அம்மாவின் கணவர் இறந்துபோனார். கோயம்புத்தூரிலிருந்து மகள் வர மாலையாகும். அந்த வெயிலில் அதுவரை வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி வேண்டும். நான் பூமாலையோடு போனபோது பெட்டி முதல் மாடித் திருப்பத்தில் சிக்கி நின்றது. லிஃப்டுக்குள் அது நுழையவேயில்லை. பெட்டி கொண்டுவந்தவர்கள் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"திரும்பாது மச்சான், எறக்கு" என்ற பெட்டி வண்டி டிரைவர் என் பக்கம் திரும்பினார். "எந்தப் புண்ணியவான் சார் கட்னது? இங்க கீறவங்க சாவவே மாட்டாங்கன்னு நெனச்சிகினானா?"

மேல்படியில் அந்த அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் மாலையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி இறந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவளை வைத்த ஃப்ரீசர் பெட்டி இருந்தது. அதன் நீளம் எனக்குத் தெரியாததல்ல. இவர்களுக்கு வரையும்போது அது நினைவுக்கே வரவில்லை.

அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டி, லிஃப்டில் இறக்கினார்கள். கீழே பைக்குகளை ஒதுக்கிப் பெட்டியை வைத்தார்கள். வாட்ச்மேன் அறையிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள்.

மாலையில் மகள் வந்து பெட்டிமேல் விழுந்து அழுதார். அழுகை சற்று ஓய்ந்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"ஏம்மா, வண்டிங்க நடுவுல போட்டு வெச்சிகீற? அவரு கேட்டது இது ஒண்ணுதானே?"

"நாந்தான் கீழயே வெக்கச் சொன்னேன். வர்றவங்க மூணு மாடி ஏறணுமேன்னு."

"உனுக்கு வர்றவங்கதான் பெருசாப் போச்சு" என்று தாயின் கையை உதறினார் மகள். எடுக்கும்வரை தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாமேல் தப்பில்லை, படியை ஒடுக்கியது நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒருவரும் திட்டாமல் இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மகள் இப்போதும் தாய்க்குப் போன் செய்வதில்லை என்று கீழே இருக்கும் உதவியாளர் சொன்னார். மகளின் நம்பரை அவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.