கல்யாணத்துக்குங்களா, எழவுக்குங்களா?

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். எதிரே இருக்கும் பலாப்பழக் கடையைப் பனி பாதி மறைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் என் ராக் பேண்டுக்கு வெளிநாட்டிலும் கூட்டம் கூடுகிறதென்றால், மேனேஜர் நான் என்பதால்தான். மந்திரியையே மசியவைத்த எனக்கு இன்று ஒரு வேனை மலையேற்ற முடியவில்லை. நான் காரில் முன்னால் வந்துவிட்டேன். பையன்கள் வரும் வேன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே நிற்கிறதோ, தெரியவில்லை. ஒருவன் போனும் கிடைக்கவில்லை.

கடைக்கார அம்மா கேட்கிறார்: "ஏனுங்க, யாரு வரோணும்?"

"என்னோட பேண்டு அம்மா. வேனை இன்னும் காணோம்."

"பேண்டு செட்டுங்களா? கல்யாணத்துக்குங்களா, எழவுக்குங்களா?"

வேறு நாளாக இருந்தால் ராக் என்றால் என்னவென்று பாடமே நடத்தியிருப்பேன். இன்று 'எழவு' என்ற சொல் மட்டும்தான் காதில் நிற்கிறது.

"கல்யாணத்துக்குத்தான் அம்மா," என்கிறேன் அவசரமாக. "கல்யாணத்துக்குத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பலாச்சுளையை நீட்டுகிறார். "தின்னுங்க சாமி. பனியில மெதுவாத்தான் வருவாங்க."

சுளை கையிலேயே இருக்கிறது. கீழே ஹாரன் கேட்கிறது. லாரி. மறுபடி ஹாரன். பஸ். அதன் பின்னால் எங்கள் வேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி டிரம்மர் வாந்தியெடுக்கிறான்.

கடைக்கார அம்மா சிரிக்கிறார். "மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. இப்பவாச்சும் தின்னுங்க."