கம்பம் டீச்சர் தேடி எடுத்த பாடம்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கம்பம் டீச்சர். வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. ஆசிரியர் உட்கார்ந்தால் பாடம் தூங்கிவிடும் என்று சொல்லி, தலைமையாசிரியர் வகுப்பு நாற்காலிகளை எல்லாம் மாடியறையில் போட்டுப் பூட்டிவிட்டார். டீச்சருக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஒருமுறை நாற்காலி கேட்டுப் பார்த்தார். "நடந்துக்கிட்டே நடத்துங்க, வலி தெரியாது" என்று வைத்தியமும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார் தலைமையாசிரியர்.

டீச்சர் ஒப்பந்த ஆசிரியர். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. இந்த வருஷம் மனித உரிமை பற்றி ஒரு பாடம் நடத்த வேண்டும், தலைமையாசிரியர் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுவார் என்று ஏற்பாடு. கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடியாகிவிட்டது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

பாடப்புத்தகத்தில் மனித உரிமைக்கு அரைப் பக்கம், அதிலும் பாதி படம். ஆகவே சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஆசிரியர்களுக்கான இணையத் தரவுத்தளம் ஒன்றில் தேட ஆரம்பித்தார்.

"என்ன தேடுற?" என்றார் கணவர், வெங்காயம் உரித்தபடி.

"மனித உரிமை."

"கெடச்சா எனக்கும் கொஞ்சம் எடுத்து வை."

தளத்தில் வடிகட்டுவதற்கு நிறையக் கட்டங்கள். வயது பன்னிரண்டு, செலவு இல்லை, அச்சுத்தாள் வேண்டாம், சர்ச்சை இல்லை என்று எல்லாவற்றையும் டிக் செய்தார். பொருந்துவதாக எதுவும் இல்லை என்றது தளம். பள்ளியில் பணம் கேட்க முடியாது, தாளும் கேட்க முடியாது, சர்ச்சை வந்தால் வேலை போய்விடும். கடைசியில் வயதை விட்டுக்கொடுத்தார். சின்னக் குழந்தைகளுக்கான பாடம் ஒன்று வந்து நின்றது: வகுப்பறையை வரைந்து, எந்த உரிமை எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். படம் வரைவதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? டீச்சர் நிம்மதியாகத் தூங்கினார்.

பாட நாளன்று, தலைமையாசிரியர் உட்கார அவருடைய அறையிலிருந்தே பியூன் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பின்வரிசைக்கு அருகில் போட்டார். பிள்ளைகள் மும்முரமாக வரைந்தார்கள். பாதி வகுப்புவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்போது கண்ணாடிக்காரச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், ஓய்வு உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு போர்டுல எழுதியிருக்கீங்க. எல்லார்கிட்டயும் போட்டுட்டேன். உங்ககிட்ட எங்க போடுறது?"

டீச்சர் பின்வரிசைப் பக்கம் பார்த்தார். தலைமையாசிரியர் எழுந்து வந்து படத்தை வாங்கினார். அதில் வகுப்பே உட்கார்ந்திருந்தது, பின்னால் ஒரு மீசையும் உட்கார்ந்திருந்தது. பலகை முன்னால் மட்டும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

"யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு? நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா."

சிறுமி அழத் தயாரானாள்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றார் டீச்சர். "இப்படித்தான் வரையணும்னு."

சுத்தப் பொய். ஆனால் சொல்லி முடித்ததும் பயம் விட்டுப்போயிருந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப கையெழுத்தப் பத்தி யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று தலைமையாசிரியர் வெளியேறினார். பியூன் உள்ளே வந்து நாற்காலியில் கை வைத்தார்.

"மணி அடிச்சதும் எடுத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, டீச்சர் அதில் உட்கார்ந்தார்.