சந்தனம் மணக்கும் கணினி

1. திங்கள்கிழமை காலை அம்மா கணினியை இயக்கிவிட்டு வாசல் தெளிக்கப் போனாள். கோலம் போட்டு, பால் காய்ச்சி, அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

2. ஒன்பது மணிக்கு முந்தானை டிசைனைத் திறந்தாள். அரை மணி நேரம் ஓடியது. அதன் பிறகு ஒரு கட்டத்தில் நிறம் வைத்தால் அது கண்ணுக்குத் தெரிய ஆறு நொடி ஆயிற்று.

3. பத்து மணிவாக்கில் அறையில் சந்தன வாசனை வந்தது.

4. பத்தேகாலுக்குக் கணினி தானாகவே அணைந்துவிட்டது.

5. அம்மா எனக்குப் போன் செய்து, "உன் தம்பி மயக்கம் போட்டுட்டான், வா" என்றாள்.

எனக்குத் தம்பி கிடையாது. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது வீட்டுக்கு வந்த கணினியைத்தான் அம்மா அப்படிச் சொல்வாள். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பதால், செவ்வாய்க்கிழமை காலை காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். மேலே உள்ள பட்டியலை அம்மா சொல்லச் சொல்ல, பஸ்ஸிலேயே போனில் எழுதிக்கொண்டேன். எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

அம்மா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் நிறம் இருக்கிறதோ அந்த இடத்தில் ஜரிகை மேலே தெரியும். அதைப் பார்த்து ஒருவர் அட்டைகளில் துளை போடுவார். அந்த அட்டைகளைத் தறியின் மேல் மாட்டி நெய்தால் புடவையில் மயிலோ யாளியோ வரும். முன்னறைத் தறியில் அப்பா நெய்கிற புடவைகளிலும் பாதி அம்மா போட்ட டிசைன்கள்தான். கல்யாணத்துக்குப் போனால் அம்மா பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்பே முந்தானையைப் பார்த்துவிடுவாள். அது தான் போட்டதாக இருந்தால் என்னை முழங்கையால் இடிப்பாள். வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அட்டையில் துளை போடுகிற அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொல்றதச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முந்தி வரலன்னா, இனிமே எல்லா டிசைனையும் பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா வந்துக்கீற டிசைன் சென்டர்லயே குடுத்துக்கறேன்றாரு பட்டுக்கட முதலாளி. அங்க இன்னிக்கிக் கேட்டா நாளைக்கிக் குடுத்துடறானுங்களாம்."

"குடுக்கட்டுமே. அந்த சென்டர்காரன் போட்ட மயிலப் பாத்தியா? கோழி மாதிரி இருக்குது."

"கோழியோ மயிலோ, நேரத்துக்கு வந்துடுதுக்கா."

அவர் போன பிறகு அம்மா உள்ளே வந்து, அலமாரியிலிருந்து பழைய கிராஃப் தாள் கட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். பென்சிலைச் சீவினாள். அந்த முந்தானையைக் கையால் போட்டால் ஒரு மாதம் ஆகும். அது அவளுக்கும் தெரியும். அதைப் பார்த்ததும்தான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

புது மடிக்கணினி வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே என்னுடையதைக் கொடுத்தும் பார்த்தேன். அம்மாவின் டிசைன் மென்பொருள் அதில் ஓடவில்லை. அதற்கு விரல் நீளத்தில் ஒரு பூட்டு உண்டு. அதைக் கணினியின் பின்னால் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அந்தப் பூட்டு பழைய விண்டோஸைத் தவிர எதையும் அடையாளம் காணாது. விற்றவர் எப்போதோ கடையை மூடிவிட்டார். ஆகவே இந்தக் கணினி ஓடினால்தான் அம்மாவுக்கு வேலை.

செவ்வாய்க்கிழமை மதியமே ஆரம்பித்தேன். கணினியோடு சேர்ந்து தானாகக் கிளம்புகிற பதினேழு நிரல்களில் பதினான்கை நிறுத்தினேன். எப்போதோ நிறுவி மறந்துபோன மூன்று ஜாதகப் பொருத்த மென்பொருள்களை நீக்கினேன்.

"எனக்குத்தான் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அப்புறம் தெருவுல இருக்கறவங்களுக்கா பாப்பேன்?" என்றாள் அம்மா, பென்சிலை விடாமல். அன்று மாலையும் கணினி தானாக அணைந்தது.

புதன்கிழமை காலை கடைக்குப் போய், பழைய வன்தட்டுக்குப் பதிலாக வேகமான புது வகைத் தட்டு ஒன்றை வாங்கி வந்து, பழையதில் இருந்ததை அப்படியே அதற்கு நகலெடுத்தேன். கணினிப் பெட்டியைக் கொண்டுவந்தால் தானே அதைப் பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு நேரமில்லை என்று, முன்பக்க மூடியை மட்டும் கழற்றி, அந்த இடுக்கு வழியாகவே நான் அதை மாட்டிவிட்டேன். பெட்டியை முழுதாகத் திறக்கவில்லை. அந்த அவசரத்துக்காக இப்போதும் என்னை நொந்துகொள்கிறேன்.

ஒன்பது நிமிடத்தில் எழுந்துகொண்டிருந்த கணினி ஒன்றரை நிமிடத்தில் எழுந்தது. அம்மா கைதட்டினாள். கிராஃப் தாளை ஓரம் தள்ளிவிட்டு முந்தானையைத் திறந்தாள். அரை மணி நேரம் கட்டங்கள் பொலபொலவென்று நிறைந்தன. பிறகு மறுபடி ஒரு கட்டம், ஆறு நொடி. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது.

"கோப்பு பெரிசா இருக்குதும்மா. முந்தானைய நாலு பாகமாப் பிரிச்சிப் போடேன். கடைசியில சேத்துக்கலாம்" என்றேன்.

"நாலாக் கிழிச்சா அதுக்குப் பேரு முந்தானையாடி? இந்தப் பக்கம் யாளி வாலு எங்க முடியுதுன்னு தெரியாம அந்தப் பக்கம் எப்படிப் போடுவேன்?"

முன்னறையிலிருந்து அப்பா தறியை நிறுத்தாமலே குரல் கொடுத்தார். "இஞ்சினியருக்குப் படிச்ச பொண்ணு, கத்தரிக்கோலு வெச்சி வைத்தியம் பாக்குது."

எனக்குக் கோபம் வந்தது. போனில் இருந்த பட்டியலை எடுத்து, செவ்வாயும் புதனும் நடந்தவற்றையும் அதன் கீழே எழுதினேன். எழுதி முடித்து மேலிருந்து படித்தபோது ஒரு வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. திங்களன்று சந்தன வாசனை, பிறகு அணைந்தது. செவ்வாயன்று சந்தன வாசனை, பிறகு அணைந்தது. இப்போதும் அறை மணத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாசனை எங்கள் வீட்டில் பழகிப்போன ஒன்று. "ஊர்ல எவ வீட்டு கம்ப்யூட்டரு இப்படி மணக்குது?" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தேன். தோசைக்கல் போல இருந்தது.

அந்தப் பக்கம் முழுக்கப் பொட்டுகள். வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் பன்னிரண்டு வரிசை. சந்தனம், அதன் நடுவே குங்குமம். பிறந்ததிலிருந்தே அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு அலங்காரம் உண்டு என்பது போலத்தான் நான் அதைப் பார்த்து வந்திருந்தேன். ஒவ்வொரு பொட்டுக்குப் பின்னாலும் ஒரு காற்றுத் துளை இருந்தது என்பது அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"அம்மா, இதுல யாரு பொட்டு வெச்சது?"

"யாரா? நீதான்."

ஆமாம், நான்தான். கணினி வந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பாவின் தறி நாடா, அம்மாவின் கத்தரிக்கோல், அளவுகோல், தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார்கள். என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. ஒரு பொட்டு வைத்தால் போதும். நானோ வரிசை வரிசையாகத் துளைகளைப் பார்த்ததும், அம்மா திரையில் கட்டம் நிரப்புவது போலவே, ஒன்றுவிடாமல் நிரப்பிவிட்டேன். நூற்று நாற்பத்து நான்கு என்று எண்ணி ஓடிவந்து சொன்னதும் நினைவிருக்கிறது. அம்மா சிரித்து, தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது பதிமூணு வருஷம் ஆச்சேம்மா. காஞ்சி உதிர்ந்திருக்குமே?"

"உதிரும். உதிர்ந்த எடத்துல ஒவ்வொரு வருஷமும் நான் வெச்சிடுவேன்."

"என்னாத்துக்கு?"

"நீ ஆஸ்டலுக்குப் போயிட்ட. நீ வெச்ச மாதிரியே இருக்கட்டும்னுதான்."

திருகாணிகளைக் கழற்றி, பொட்டு வைத்திருந்த பக்கவாட்டுத் தகட்டை எடுத்தேன். உள்ளே தரையெல்லாம் உதிர்ந்த சந்தனத் தூள். விசிறியின் இறக்கைகளில் முன்னறையிலிருந்து பறந்து வந்த பட்டு நூல் பிசிறுகள் சுற்றி, அதன் மேல் சந்தனம் படிந்து, சின்ன மஞ்சள் பூனைக்குட்டி சுருண்டு படுத்திருப்பது போல இருந்தது. விரலால் தள்ளியும் விசிறி சுற்றவில்லை. சூடு தாங்காமல் கணினி முதலில் வேகத்தைக் குறைத்திருக்கிறது, பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. நான் அதற்கு இரண்டு நாளாக வேகம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஈரத்துணியை எடுத்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"சாமிக்கு வெச்சத அப்படியே தொடச்சிடுவியா?"

"மூச்சு விட முடியலம்மா அதுக்கு."

அம்மா அந்தத் தகட்டைப் பார்த்தாள். பிறகு கிராஃப் தாளைப் பார்த்தாள். தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். வாளியில் நீர் பிடித்து, புதுத் துணி கிழித்து, ஒவ்வொரு துளையாக அவளே கழுவினாள். அந்த நீரைக் கால் படாத இடமாகப் பார்த்துச் செம்பருத்திச் செடியின் அடியில் ஊற்றினாள். தகட்டை வெயிலில் காயவைத்து எடுத்து வந்து என்னிடம் நீட்டி, "இப்ப மாட்டு" என்றாள்.

நான் விசிறியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பிராசசர் மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துவிட்டு, கடைக்கு மறுபடி ஓடி வாங்கி வந்த புதுப் பசையைக் கடுகளவு வைத்தேன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் அழிச்சிட்டு இன்னொரு பக்கம் நீயே வெக்கிறியே. இதுக்குக் குங்குமம் வாணாமா?"

"இது சூட்டை வாங்கறதுக்குப்பா."

"சந்தனமும் அதுக்குத்தான் வெக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை அம்மா இரண்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தாள். நான் பெட்டியில் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அறையில் எந்த வாசனையும் இல்லை. அம்மா நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அடுத்த யாளிக்குப் போனாள்.

வியாழன் மதியம் முந்தானை முடிந்தது. அட்டை அண்ணன் பென் டிரைவை நீட்டிக்கொண்டே, "ஒரு நாள் முன்னாடியே குடுக்கறியேக்கா, நெஜமாவே நீதான் போட்டியா?" என்றார்.

"உள்ள வந்து யாளியப் பாரு. கோழி மாதிரி இருந்துச்சின்னா சொல்லு."

இப்போதைய நிலை இது. முதலாளி அதற்குப் பிறகு இரண்டு டிசைன்கள் கொடுத்திருக்கிறார். இரண்டும் அம்மாவிடமே இருக்கின்றன. கணினி ஒன்றரை நிமிடத்தில் எழுகிறது, பகல் முழுக்க ஓடுகிறது. பெரிய முந்தானைக் கோப்பு திறக்க இன்னும் பதினோரு நொடி ஆகிறது. அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. பூட்டு ஒன்றுதான் இருக்கிறது. அது போனால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மாதம் ஒருமுறை விசிறியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் இருந்தேன். பெட்டியின் மேல்மூடியில், துளையில்லாத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.