ஆயுதபூஜைப் படத்தில் ஒரு முகம்

ஐம்பதுகளில் திருவள்ளூர் பக்கம் ஒரு மின்மோட்டார் கம்பெனியின் ரிக்கார்டு ரூமில் குமாஸ்தாவாக இருந்தேன். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, தொழிலாளிகளை வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் படங்களும் என் பொறுப்பில்தான் இருந்தன.

ஒருநாள் செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு பெண், சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் எங்களிடம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றியவன், காய்ச்சலில் போய்விட்டான்.

"ஊட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல ஐயா. அப்பா மூஞ்சி எப்டி இருக்கும்னு இவ கேட்டுக்கினே கீறா. பூஜை அன்னிக்கு எடுத்தாங்களே, அதக் காட்டுங்க."

தேடி எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் பளிச்சென்று நிற்க, அவன் ஒருவன் மட்டும் அசைந்துவிட்டிருந்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். இதைப்போய் எப்படிக் காட்டுவது?

"படம் சரியா விழலம்மா" என்று இழுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. அந்தப் புகைமேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு ஊட்டுக்காரங்களையும் உள்ள உட்டாங்க. இவள இடுப்புல வெச்சிக்கினு நான் லேட்டா வந்து கேட்டாண்ட நின்னேன். அசையாதீங்கன்னு போட்டோக்காரரு கத்துறாரு, இவரு என்னத் திரும்பிப் பாக்குறாரு."

படத்தை மகளிடம் காட்டினாள். "இதான் உங்க நைனா. நம்மளத்தான் பாத்துக்கினு கீறாரு."

என் வீட்டில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு முகமும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. நானும் என் மனைவியும் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.